பால் டின்னுக்கு ஒரு கைப்பிடி

பினாங்கைச் சுற்றிக் கடலில் மீன் குறையக் குறைய, கரையில் மீன்பிடி மெசின் பெருகிக்கொண்டே போகிறது. ஜார்ஜ் டவுனில் தூண்டில் சாமான் விற்கிற எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து பாருங்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரி. 1000, 2500, 4000, 8000 என்று நம்பர் போட்ட ரீல்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். மேல்தட்டில், பூட்டுப் போட்ட கண்ணாடிக்குள், ஷிமானோ ஸ்டெல்லா. கடலுக்கென்று செய்த பெரிய ஸ்டெல்லாவின் விலை மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும். கீழ்த்தட்டில் ஐம்பது அறுபது வெள்ளிக்கு, கண்ணைப் பறிக்கிற ஊதாவிலும் சிவப்பிலும், ஊர்பேர் தெரியாத பிராண்டுகள். ஈபிஎஃப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற என்னைப் போன்றவர்கள் இரண்டு தட்டுக்கும் நடுவில் கழுத்து வலிக்க நிற்கிறோம்.

முந்நூறு வெள்ளிக்குள், உப்புத் தண்ணீர் தாங்குகிற மெசின் வேண்டும் என்று கேட்டேன். கடைப் பையனின் முகத்தில் இரக்கம் தெரிந்தது.

"அங்கிள், முன்னாடி என்ன மெசின் போட்டுக்கிட்டிருந்தீங்க?"

"சின்ன வயசிலயா? பால் டின்."

பிராண்டுப் பெயர் என்று நினைத்துக்கொண்டு செல்பேசியில் தேட ஆரம்பித்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் வெல்ட் கீ கரையோரம் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த டின்னின் அருமை தெரியும். எங்கள் தெருவில் அதற்கு மூன்று பிறவி. முதல் பிறவியில் கெட்டிப்பால். இரண்டாவதில், கோப்பிக்கடைக்காரர் அதன் மூடியை முழுக்க வெட்டாமல் மடக்கி, கயிறு கோத்து, கோப்பி ஊற்றிக் கொடுப்பார். தொங்கான் படகுகளில் மூட்டை ஏற்றுகிற எங்கள் அப்பாமார்கள் அதைத் தொங்கவிட்டபடி துறைமுகத்துக்குப் போவார்கள். சாயங்காலம் காலி டின் வீடு திரும்பும். அப்போது அது எங்கள் சொத்து.

மூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வெட்டுப்பட்ட விளிம்பைக் கல்லால் தட்டிச் சமன் செய்வோம். உள்ளே குறுக்காக ஒரு குச்சியை அடித்து இறக்கினால் பிடி கிடைத்துவிடும். வெளிப்பக்கத்தில் தங்கூசி என்கிற நைலான் நூலைச் சுற்றி, நுனியில் ஈயக்குண்டும் முள்ளும். தூக்கியெறிகிற விதம்தான் முக்கியம். இடக்கையில் டின்னைப் பிடித்து, அதன் அடிப்பாகத்தைக் கடலைப் பார்த்து நீட்ட வேண்டும். வலக்கையால் ஈயத்தைத் தலைக்கு மேல் சுழற்றி விட்டால், டின்னின் வழுவழுப்பான அடிவிளிம்பைத் தாண்டித் தங்கூசி வளையம் வளையமாக உருவிக்கொண்டு பறக்கும். டின் சுழலாது, அசையாது. நூல் மட்டும் ஓடும். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் ஓட்டம் நின்றுவிடும்; சிக்கல் விழாது.

இதைத்தான் இங்கிலாந்தில் ஒருவர் 1905இல் காப்புரிமை எடுத்து வைத்திருந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். பிராட்ஃபோர்டில் நூற்பாலை வைத்திருந்தவர். ஆலையில் கதிரிலிருந்து நூல் அதன் தலைவழியாக உருவிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து, தூண்டில் நூலையும் அப்படியே ஓடவிட்டால் என்ன என்று யோசித்தவர். அதற்கு முன்பு பெரும்பாலான ரீல்களில் வீசுகிறபோது உருளையே சுழல வேண்டியிருந்தது. சற்று வேகம் கூடினால் நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குருவிக்கூடு கட்டிவிடும். இல்லிங்வொர்த் உருளையை அசையாமல் நிறுத்தினார்; நூலைச் சுற்றுவதற்கு மட்டும் பல்சக்கரமும் கைப்பிடியும் வைத்தார். இன்றைக்கு ஸ்பின்னிங் ரீல் என்று கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பதெல்லாம் அந்த வம்சம்தான். பால் டின்னுக்கு ஒரு கைப்பிடி. மூவாயிரம் வெள்ளி ஸ்டெல்லாவும் அதுதான், அறுபது வெள்ளி ஊதாக்கலரும் அதுதான்.

மெசின் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். டின்னுக்கு மேல் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார்கள். சேர்த்த ஒவ்வொன்றும் உப்புக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம். எதையெல்லாம் வைத்திருக்கக் கடல் உங்களை அனுமதிக்கும் என்பதுதான் கேள்வி.

டின்னில் உப்பு ஒளிய இடமே இல்லை. துரு பிடித்தால் மறுநாள் புது டின். உத்தரவாத அட்டை, உதிரிபாகம், சர்வீஸ் எல்லாமே கோப்பிக்கடையின் பின்பக்கத்தில்.

அந்தக் காலத்திலும் ரீல் இல்லாமல் இல்லை. பினாங்கு வரியில்லாத் துறைமுகமாக இருந்த ஊர். கைக்கடிகாரமும் கேமராவும் மற்ற ஊர்களைவிட மலிவாகக் கிடைத்ததால், வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகவே வருவார்களாம். அந்த நாளில் வாங்கிய மெசின் ஒன்றைத் துறைமுகக் கிராணி ஒருவர் வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரன் செய்த மிட்செல். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையோடு எஸ்பிளனேடு சுவரோரம் வருவார். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நிற்போம். தொட விடமாட்டார், கைப்பிடியைச் சுற்றுகிறபோது வருகிற சத்தத்தைக் கேட்க மட்டும் அனுமதி உண்டு. வீட்டுக்குப் போனதும் மனைவியின் தையல் மெசின் எண்ணெயில் ரெண்டு சொட்டு அதற்கு. "எண்ணெய் எங்கேயிருந்து போகுதுன்னே தெரியல" என்று அந்த அம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. மிட்செல் செய்த கார்ப்பானோ எ போன், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து க்ளூஸ் என்ற ஊரில் கடிகார உறுப்புகள் செய்துவந்த கம்பெனி. ஸ்வீடனின் ஆபு கம்பெனியும் 1921இல் கடிகாரம் செய்யத் தொடங்கியதுதான். டாக்சி மீட்டர் செய்தது, இரண்டாம் உலகப் போரில் டாக்சி மீட்டர் கேட்க ஆளில்லாமல் போனதும் ரீல் செய்யத் திரும்பியது. அதே 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் ஷிமானோ தொடங்கியபோது செய்தது சைக்கிள் பிரீவீல். தூண்டில் பக்கம் வந்தது 1970இல். அமெரிக்காவின் பென் மட்டும் விதிவிலக்கு. ஓட்டோ ஹென்ஸே என்ற ஜெர்மானியர் 1932இல் பிலடெல்பியாவில் ஆரம்பித்ததிலிருந்து ரீல்தான் அவர்கள் பிழைப்பு. 1936இல் கொண்டுவந்த செனட்டர் ரீலைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தலைமுறைக்கு விற்றார்கள். பிரெஞ்சுக்காரனும் ஸ்வீடன்காரனும், நேரம் காட்டுகிற தொழிலை விட்டு நேரம் போக்குகிற தொழிலுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

1969இல் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து போயிற்று. அதோடு ஊரின் களையும் போயிற்று. மூட்டை தூக்கியவர்களுக்கு வேலை குறைந்தது. கிராணியின் மிட்செலுக்கு ஸ்பிரிங் உடைந்தபோது மாற்று ஸ்பிரிங் கிடைக்கவில்லை. அது கண்ணாடி பீரோவுக்குள் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கோ ஒன்றும் குறையவில்லை. பசாரில் இறால் தலை சும்மா கிடைத்தது. படித்துறைச் சேற்றில் கெலாமாவும் கெளுத்தியும் எப்போதும் உண்டு. கெளுத்தியின் முள் குத்தினால் ராத்திரியெல்லாம் கை விண்விண்ணென்று தெறிக்கும். அதனால் கெளுத்தி விழுந்தால் பெரிய பையன் ஒருவனைக் கூப்பிட்டு, செருப்புக்காலால் மிதித்துக்கொண்டுதான் தூண்டில் முள்ளைக் கழற்றுவோம். மீன் இழுத்தால் விட்டுக்கொடுக்க ஆள்காட்டி விரல்தான். அந்த விரலின் இரண்டாம் கணுவில் எங்கள் செட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கோடு உண்டு. இன்றைக்கு அந்த விட்டுக்கொடுக்கிற வேலைக்கு டிராக் என்று பெயர். கிலோக் கணக்கில் விற்கிறார்கள்.

1972இல் பாயான் லெப்பாசில் வரியில்லாத் தொழிற்பேட்டை வந்தது. விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்க, அக்காமார்கள் பிளாஸ்டிக் பையில் மதியச் சாப்பாட்டோடு ஓடுவார்கள். கொஞ்ச காலத்துக்குப் பின் நானும் ஓடினேன். மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய வித்தியாசத்துக்காகச் சாமானைத் திருப்பி அனுப்புகிற வேலை. அந்தச் சம்பளத்தில் எண்பதுகளில் ஒரு டைவா வாங்கினேன். கறுப்பு உடம்பு, பொன்னிற ஓரம். அமெரிக்காவில் அதை பிளாக் கோல்ட் என்றே விற்றார்களாம். இரும்புத்துண்டு மாதிரி கனம். ஆனால் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் தானாகச் சுற்றி நிற்கும்.

1985இல் பினாங்குப் பாலம் திறந்ததும் அந்த டைவாவுக்கு நல்ல காலம் வந்தது. பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தை ஊரெல்லாம் மேலே ஏறிப் பார்த்தது; தூண்டில்காரர்கள் கீழே போய்ப் பார்த்தார்கள். நீரோட்டத்துக்கு நடுவே வரிசையாகத் தூண் நட்டால், சிப்பி ஒட்டும், குஞ்சு மீன் ஒதுங்கும், அதைத் தின்னக் கொடுவா வரும். சியாக்காப் என்று மலாய்க்காரர்கள் சொல்கிற அந்தக் கொடுவா, முள் மாட்டியதும் நேரே தூணைப் பார்த்து ஓடும். நூல் சிப்பியில் உரசினால் போச்சு. பட்ஜெட் மெசின்களின் யோக்கியதை அந்தப் பத்து நொடியில் தெரிந்துவிடும். படகில் பக்கத்தில் இருந்தவர்களின் மெசின்கள் கைப்பிடி கழன்றும், பல்சக்கரம் நொறுங்கியும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். டைவா நிற்கவில்லை. டைவாவை நிறுத்தியது மீன் அல்ல, என் மனைவியின் அண்ணன். "மச்சான், ஒரு வாரம் கொடுங்க, புலாவ் கெண்டி பக்கம் போறோம்" என்று வாங்கிப் போனார். அவருடைய நண்பருக்கு நண்பர் ஒருவர் மூலம் அது லங்காவி வரை போனதாகக் கேள்வி.

சரி, இன்றைக்கு வருவோம்.

கடைப் பையன் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு அறுபது வெள்ளிக்காரனை எடுத்து நீட்டினான். பெட்டிமேல் பெரிய எழுத்தில் '12+1 பேரிங்'. இதுதான் இந்தக் காலத்தின் பெரிய வேடிக்கை. கல்யாண வீட்டில் சீர்த்தட்டு எண்ணுகிற மாதிரி எல்லோரும் பேரிங் எண்ணுகிறார்கள். நான் அளவு பார்த்தே வயிறு வளர்த்தவன். ஒரு நல்ல பேரிங் என்ன விலை என்று எனக்குத் தெரியும். அறுபது வெள்ளிக்குப் பதின்மூன்று பேரிங் கொடுக்க வேண்டுமென்றால், அது எந்த எஃகு, யார் பார்த்துத் தேர்ந்தது என்று கேட்க வேண்டாமா? உப்புத் தண்ணீரில் மட்டமான எஃகு பேரிங் முதலில் கரகரக்கும், பிறகு இறுகும். பதின்மூன்று பேரிங் என்றால் துருப்பிடிக்கப் பதின்மூன்று இடம். நல்லதாக நாலைந்து இருந்தால் போதும்.

அதற்குள் கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, உள்ளேயிருந்து வந்துவிட்டார். என் வயதுக்காரர். பசார் மலாயில்தான் எங்கள் பேச்சு, ஆனாலும் கூப்பிடுவது 'அண்ணே'. விஷயத்தைக் கேட்டதும் மூன்று மெசினைக் கண்ணாடிமேல் வைத்தார். எதையும் விளக்கவில்லை. முதலாவதின் டிராக் குமிழைத் திருகிக் கழற்றினார், ஸ்பூலை உருவினார், பல்குத்தும் குச்சியால் உள்ளேயிருந்த வளைந்த கம்பிக் கிளிப்பை நெம்பி எடுத்தார். வாஷர்களை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தார். வெள்ளைக் கம்பளித் துணி, உலோகம், மறுபடி துணி. இரண்டாவதிலும் துணிதான். மூன்றாவதைத் திறந்தபோது துணிக்குப் பதில் கரிய, நெசவு தெரிகிற கார்பன் வில்லைகள். மேலே மெல்லிய கிரீஸ் பூச்சு.

"துணி நனைஞ்சா ஒட்டிக்கும், அண்ணே. மீன் ஓடும்போது முதல்ல விடாது, அப்புறம் சடார்னு விடும். அந்தச் சடார்லதான் நூல் போகும்."

கார்பன் அப்படியில்லை. சூட்டையும் ஈரத்தையும் தாங்கி, முதல் அங்குலத்திலிருந்தே ஒரே சீராக விட்டுக்கொடுக்கும். பெட்டியில் 15 கிலோ டிராக், 20 கிலோ டிராக் என்று போட்டிருப்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். கரையில் நாம் போடுகிற நூலுக்கு இரண்டு மூன்று கிலோவே ஜாஸ்தி. இருபது கிலோவுக்கு இறுக்கினால் மீனுக்கு முன்னால் தூண்டில் கம்பு முறியும். கடையில் செய்ய வேண்டிய சோதனை வேறு: டிராக்கைப் பாதி இறுக்கிவிட்டு ஸ்பூலை விரலால் மெல்ல நகர்த்த வேண்டும். தயங்காமல் புறப்படுகிறதா? அதுதான் பரீட்சை. என் ஆள்காட்டி விரலில் இருக்கிற கோடு செய்த வேலையை எது செய்கிறதோ அதற்குக் காசு கொடுக்கலாம்.

அடுத்தது நூல் உருளை. கைப்பிடியைச் சுற்றும்போது நனைந்த நூல் அத்தனையும் இந்தச் சின்ன உருளைமேல் ஏறித்தான் ஸ்பூலுக்குப் போகிறது. மெசினில் மற்ற எந்த உறுப்பையும்விட அதிகமாக உப்பு குடிப்பது இதுதான். முதலில் இறுகிப்போவதும் இதுதான். இறுகினால் நூல் ஒரே இடத்தில் உரசிப் பள்ளம் போடும், அந்தப் பள்ளம் திரும்ப நூலை அறுக்கும். பின்னல் நூல் போடுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். ஆயிரம் வெள்ளி மெசின்களிலும் இந்த உருளை கத்துவதைக் கேட்டிருக்கிறேன். மலிவு மெசினில் ஒரு வசதி உண்டு: ஒரே திருகாணியைக் கழற்றினால் உருளை கையில் வந்துவிடும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டிவிடலாம்.

உடம்பு உலோகமா பிளாஸ்டிக்கா என்பதில் எங்கள் ஊர்க் காக்கி பான்சிங்குகள், அதாவது தூண்டில் பைத்தியங்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கைக் கடைக்காரர்கள் கிராபைட் என்று மரியாதையாகச் சொல்வார்கள். அது துருப்பிடிக்காது, ஆனால் பெரிய மீன் இழுத்தால் லேசாக நெளியும். நெளிந்தால் பல்சக்கரங்கள் ஒன்றையொன்று சரியாகக் கடிக்காது. அலுமினியம் நெளியாது. ஆனால் பெயிண்ட் உரிந்த இடத்தில், எஃகுத் திருகாணி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், உப்புத் தண்ணீர் பட்டால் வெள்ளைத்தூளாகப் பொரிந்து போகும். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி, கரைகிறது அலுமினியம்தான். கழுவுகிற பழக்கம் இருந்தால் அலுமினியம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக். இதற்குமேல் இதில் வாதம் இல்லை என்பது என் கட்சி.

தண்ணீர் புகாமல் ரப்பர் வளையம் போட்டு அடைத்த மெசின்கள் நல்லவைதான். பென்னின் சிலவற்றில் எந்த அளவு தண்ணீரைத் தடுக்கும் என்று தரக்குறியீடே போட்டிருக்கிறார்கள். டைவா காந்த எண்ணெயையே தடுப்பாக வைக்கிறது. ஆனால் தண்ணீரை உள்ளே விடாத மெசின் நம்மையும் உள்ளே விடாது. பிரித்தால் அதே மாதிரி மாட்டுவதற்கு சர்வீஸ்காரர் வேண்டும். முந்நூறு வெள்ளிக்காரனுக்கு அது கட்டாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்கள் எட்டாயிரம் சைஸைத் தூக்குகிறார்கள். தெங்கிரி மாதிரி பெரிய மீன் மாட்டினால் என்ன செய்வது என்று ஒரு பயம். குவீன்ஸ்பே சுவரிலிருந்து போட்டால் தெங்கிரியா வரப்போகிறது? கெலாமா வரும், கெளுத்தி வரும், அதிர்ஷ்டமிருந்தால் செனாங்கினோ கொடுவாவோ வரும். நாலாயிரம் சைஸும் 20 ராத்தல் பின்னல் நூலும் போதும். கை வலிக்காமல் ராத்திரி முழுக்க நிற்கலாம்.

ஜப்பான் மெசின்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். அண்டைவீட்டுக்காரர் ஒருவர் பெருமையாகக் காட்டிய ஷிமானோ ஸ்ட்ராடிக்கைத் திருப்பி அதன் காலைப் பார்த்தேன். மலேசியாவில் செய்தது என்று பொறித்திருந்தது. ஷிமானோவுக்கு ஜொகூரில் தொழிற்சாலை இருக்கிறது. யாரோ ஒரு தங்கச்சி பஸ் பிடித்துப் போய் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து அனுப்பியது. என்னளவில் அதற்கு மதிப்பு கூடியது. அவரளவில் குறைந்துவிட்டது போல, அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

எவ்வளவு தூரம் வீசலாம் என்பதைத்தான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. ஸ்பூலின் உதட்டைச் செதுக்கியிருக்கிறோம், பத்து மீட்டர் கூடும் என்கிறார்கள். கர்னி டிரைவில் இதைச் சொல்லிப் பாருங்கள். 1951இல் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட ஹைகமிஷனரின் பெயர் கொண்ட அந்தச் சாலையின் சுவரில் உட்கார்ந்து, நாங்கள் காலை ஆட்டிக்கொண்டே டின்னிலிருந்து போடுவோம். ஏற்றத்தின்போது அலை தெறித்துச் சட்டை நனையும். அங்கே இப்போது 131 ஏக்கர் கடலைத் தூர்த்திருக்கிறார்கள். பூங்கா வந்திருக்கிறது, பிள்ளைகள் விளையாட நல்ல இடம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பழைய சுவரில் உட்கார்ந்து தண்ணீரைத் தொட எந்த ஜப்பான்காரன் ஸ்பூலும் உதவாது.

தெற்கே போனாலும் கதை இதுதான். பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் பார்த்தார்கள். மூன்று தீவுகள் என்று தொடங்கிய திட்டம் ஒன்றாகச் சுருங்கியது, 2023இல் தூர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2,300 ஏக்கர். பெயர் சிலிக்கான் தீவு. பாயான் லெப்பாசில் இடம் போதாமல், சில்லு செய்கிற தொழில் கடலுக்குள் இறங்குகிறது. டைவா வாங்க எனக்குச் சம்பளம் கொடுத்த அதே தொழில். பேரப்பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லுவேனா? சொல்லமாட்டேன். முதல் போனஸில் தாத்தாவுக்கு நல்ல மெசின் ஒன்று வாங்கிக் கொடு என்றுதான் சொல்லுவேன்.

தவுக்கே வாஷர்களை மறுபடி அடுக்கி, கிளிப்பை மாட்டி, மூன்றாவது மெசினை என் பக்கம் தள்ளினார். நாலு பேரிங், கார்பன் டிராக், அலுமினிய உடம்பு. பென். முந்நூறுக்குச் சற்றுக் கீழே. உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டேன். கிராணியின் மிட்செல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. லாச்சியைத் திறந்து காட்டினார்: சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறையில் ஸ்பிரிங், உருளை, வாஷர். அந்த லாச்சிக்காகவே வாங்கலாம்.

வாங்கின பிறகுதான் செலவு ஆரம்பிக்கிறது என்பது வேறு கணக்கு. பின்னல் நூல், முன் நூல், ஈயம், உயிர் இறால். அப்போது சும்மா கிடைத்த இறால் தலையின் வம்சம் இப்போது காற்றுக் குழாய் போட்ட வாளியில், எண்ணி விற்கிறது. காசு கேட்காத செலவு ஒன்றும் உண்டு: கழுவுதல். வீட்டுக்கு வந்ததும் டிராக் குமிழை நன்றாக இறுக்கிவிட வேண்டும், உள்ளே தண்ணீர் போகாமல். பிறகு பூவாளி மாதிரி மெல்லத் தெளிக்க வேண்டும். குழாயை முழுக்கத் திறந்து அடித்தால் உப்பைக் கழுவுவதற்குப் பதில் உள்ளே தள்ளுகிறோம். வாளியில் அமுக்கக் கூடாது. உதறி, துடைத்து, நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்திவிட்டு, உருளைக்கும் கைப்பிடிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். இதை ஒழுங்காகச் செய்தால் முந்நூறு வெள்ளி மெசின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். செய்யாவிட்டால் ஸ்டெல்லாவும் உப்புக் கண்டமாகிவிடும். நடுராத்திரி குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு என் மனைவி எழுந்து வந்து பார்த்தார். "எண்ணெய் எங்க எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அவரும் அந்தத் தெருவில் வளர்ந்தவர்தான்.

செய்தி பரவ நேரமாகவில்லை. இரண்டாம் நாளே தொலைபேசி.

"மச்சான், புது மெசின் வாங்கியிருக்கீங்களாமே? தங்கச்சி சொல்லுச்சு. அடுத்த வாரம் பாலத்துக்குக் கீழ போறோம்…"

"தாராளமா வந்து எடுத்துக்குங்க மச்சான்" என்றேன்.

அன்று கடையை விட்டு வருவதற்கு முன் அந்த அறுபது வெள்ளி ஊதாக்கலரையும் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கையில் கொடுத்தேன். எழுத்தைப் படித்ததும் அவர் கண் விரிந்தது. என் பென்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் நாலுதான் என்று தெரிந்ததும் மெல்ல மேசைமேல் வைத்துவிட்டார். "நல்லதை எனக்குக் கொடுத்துட்டு நீங்க இதை வெச்சுக்கிட்டீங்களே மச்சான்" என்றார். பதின்மூன்று பேரிங் என்று படகில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.